நான் நித்திரை கொண்ட மலைப்பாதை

சனிக்கிழமை விடிய ஐந்தரை மணிக்கு ஸ்டுட்கார்ட் பிரதான ரயில் நிலையத்தில் நானும் என் மனுசி தவமணியும் நின்றோம். என் தோளில் ஒரு பை, அவள் கையில் ஒரு பை. அவளுடைய பைக்குள் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, சீனிச்சம்பல் பூசிய பாண், தாளில் சுற்றிய மரக்கறி ரோல்ஸ். இந்த நிலையத்தைப் பல வருடங்களாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். வாசலில் இருந்து ரயிலடிக்குப் போவதே ஒரு பாதயாத்திரை.

"மலைக்குப் போகமுந்தியே மலை ஏறின களை வந்திட்டுது," என்றாள் தவமணி. வீட்டில் இருந்து வெளிக்கிட்ட பிறகு அவள் பேசிய முதல் வசனம் அதுதான்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் போக நினைத்தால் உதவும். ஸ்டுட்கார்ட்டில் இருந்து உல்ம், உல்மில் இருந்து கெம்ப்டன். கெம்ப்டனில் ஒரு சின்ன ரயிலுக்கு மாறினால் அது அல்காய்ப் பகுதியின் புல்மேடுகளுக்குள்ளால் ஓடி, எல்லையைத் தாண்டி, ஒஸ்ரியாவில் இருக்கும் றொய்ட்ட என்ற ஊரில் கொண்டுபோய் விடும். அங்கே இன்னொரு ரயில். அது லேர்மோஸ், ஏர்வால்ட் என்ற ஊர்களைச் சுற்றி, ஜெர்மனியின் ஆக உயர்ந்த மலையான சுக்ஸ்பிற்ஸவின் காலடியால் வந்து, திரும்ப ஜெர்மனிக்குள் கார்மிஷில் இறக்கும். கெம்ப்டனில் இருந்து கார்மிஷ் தொண்ணூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து மியூனிக் வழியாக வீடு. மாதாந்த ஜெர்மனி டிக்கெட் இருந்தால் எல்லாம் அதிலேயே அடங்கும். ஒஸ்ரியாத் துண்டுக்கு மட்டும் தனியாக எடுக்கவேண்டும். ஒரே நாளில் போய் வரலாம்.

நாங்கள் ஐரோப்பாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்கு மீசை கறுப்பு. அதற்குப் பிறகு பாரிஸ் போயிருக்கிறோம், சூரிச் போயிருக்கிறோம், ஒஸ்லோவுக்கும் லண்டனுக்கும் போயிருக்கிறோம். எங்கே போனாலும் ஒரு கலியாணம், இல்லாவிட்டால் சாமத்தியவீடு, இல்லாவிட்டால் செத்தவீடு. பாரிஸ் எப்படி என்று யாராவது கேட்டால், மண்டபத்துக்குப் பின்னால் கார் விட இடம் காணாது என்றுதான் என்னால் சொல்ல முடியும். ஒருவர் வீட்டுக்கும் போகாமல், பட்டுச்சேலை மடித்து வைக்காமல், சும்மா பார்ப்பதற்கென்று நாங்கள் வெளிக்கிட்டது இதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் தனியாக வெளிக்கிட்டதும் முதல் தடவை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. நான் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கால் நூற்றாண்டுக்கு மேல் இரவு வேலை செய்தவன். தவமணி பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவாள். அவள் வந்து சப்பாத்தைக் கழற்ற, நான் சப்பாத்தைப் போடுவேன். பிள்ளையை ஒரு நாளும் தனியாக விடக்கூடாது என்பதற்காக நாங்களே போட்ட ஒழுங்கு அது. பிள்ளை நன்றாக வளர்ந்தது. புருசனும் பெண்சாதியும் வாசலில் சந்தித்து, "சோறு அடுப்பிலை இருக்கு", "சிந்துவுக்கு நாளைக்குப் பல் டொக்டரிட்டை ரெர்மின்" என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினோம்.

இந்தப் பங்குனியில் எனக்கு ஓய்வு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வில்லங்கம். ஒரே சமையலறைக்குள், பகல் வெளிச்சத்தில், இரண்டு பேர். என்ன கதைப்பது? மகள், வாடகை, தொலைபேசிக் கட்டணம், இந்த மூன்றும் முடிந்தால் கதை முடிந்தது. நான் வேலையற்றவனாக அவள் வெங்காயம் வெட்டும் விதத்துக்குக் குறை சொன்னேன். அவள் நான் கதிரையை இழுக்கும் விதத்துக்கு முகத்தைச் சுழித்தாள். ஆவணி மாதம் ஒரு நாள் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"நான் சிந்துவோடை போய் நிக்கலாமோ எண்டு யோசிக்கிறன். அவளுக்கும் கைக்குழந்தையோடை கரைச்சல்தானே."

சிந்து எங்கள் ஒரே மகள். ஹம்பேர்க்கில் இருக்கிறாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன்.

"பாப்பம்."

அந்தப் "பாப்பம்" என்னை உலுக்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்குள் பிரிவு என்று யாரும் சொல்வதில்லை. பேரப்பிள்ளை பார்க்கவென்று போவார்கள். போனவ திரும்பி வரமாட்டா. கேட்டால், பிள்ளை இன்னும் சின்னன் என்பார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு அண்ணைமார் இந்த ஊரிலேயே அப்படித்தான் தனியாக முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கிழமைதான் தொலைக்காட்சியில் மலைகளுக்குள்ளால் போகும் ரயிலைக் காட்டினார்கள். தவமணி கையில் துடைத்த கோப்பையோடு அப்படியே நின்று பார்த்தாள். "என்ன வடிவு," என்றாள், தனக்குத்தானே. நான் விழுந்தடித்துக்கொண்டு, "போவமே?" என்றேன்.

"நாங்கள் ரெண்டு பேருமோ?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள் முழுக்க ரயிலுக்குள்ளை இருந்து என்னத்தைக் கதைக்கிறது?"

"யன்னல் இருக்குத்தானே," என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பது போல, விடிந்தால் ரயில் அட்டவணை, பொழுதுபட்டால் வானிலை. எந்தத் துண்டில் எந்தப் பக்க யன்னலில் மலை வரும், எங்கே மாற எவ்வளவு நேரம், எல்லாம் பார்த்தேன். என் மச்சான் கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தார். "கொஞ்சம் சுத்திப் போனால் சூரிச்சிலை தங்கச்சி வீட்டையும் எட்டிப் பாக்கலாம். கோழிக்கறி வைச்சுத் தருவாள்." எட்டிப் பார்க்கப் போனால் எட்டுப் பேர் வந்து குந்துவார்கள், எனக்குத் தெரியாதோ? ஏலாது என்று சொல்லிவிட்டேன். புரட்டாதி கடைசிச் சனிக்கிழமை, வானம் தெளிவு என்றார்கள். முழு நாளையும் பார்க்கவேண்டும் என்று விடிய ஆறு மணி ரயிலைத் தெரிவு செய்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன். இத்தனை பார்த்த மனிதன் ஒன்றைப் பார்க்கவில்லை. என் உடம்பு இன்னும் இரவு வேலையில்தான் இருந்தது. ஓய்வூதியம் வருவது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. முதல்நாள் இரவு ஒரு பொட்டும் கண் மூடவில்லை.

ஏழு மணி தாண்டி உல்ம். தேவாலயத்தின் நெடுங்கோபுரம் யன்னலில் வந்து போனது. அதுவரை நாங்கள் கதைத்தவை: பாண் இப்போது சாப்பிடுவதா பிறகா, யன்னல் சீலையை இழுப்பதா விடுவதா. உல்மில் இருந்து கெம்ப்டன் வரை இல்லர் ஆறு அங்கங்கே தலைகாட்டியது. பனிப்புகார் வயல்களில் படுத்துக் கிடந்தது. நான் மனதுக்குள் வசனம் தேடிக்கொண்டிருந்தேன். "ஹம்பேர்க் போகவேண்டாம்" என்று கேட்பதற்குத்தான் இந்தப் பயணமே. ஆனால் கெஞ்சிப் பழக்கமில்லாத வாய்.

கெம்ப்டனில் மூன்று யூரோ அறுபதுக்கு ஒரு பால்கோப்பி வாங்கி இருவரும் பங்கிட்டோம். பிறகு அந்தச் சின்ன ரயில். மூன்று ஊர் கழிவதற்குள் நிலம் புரளத் தொடங்கியது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மாடுகளின் கழுத்து மணி ரயில் நிற்கும் இடமெல்லாம் கேட்டது. முன் இருக்கையில் தொப்பி போட்ட ஒரு ஜெர்மன் முதியவர், முழங்காலுக்கிடையில் ஊன்றுகோலோடு. அவர் ஒவ்வொரு மலைக்கும் பெயர் சொன்னார், அயலவர்களை அறிமுகம் செய்வதுபோல.

"விடுமுறையா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இவர் பென்சன் எடுத்துவிட்டார்," என்றாள் தவமணி.

"அப்படியானால் இனி உங்கள் இரண்டு பேருக்கும் நேரம் தாராளம். அதிர்ஷ்டசாலிகள்."

தவமணி சிரித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள். முதியவர் நெசல்வாங்கில் இறங்கும்போது, "லேர்மோஸைத் தவறவிடாதீர்கள். அதுதான் இந்தப் பாதையின் உச்சம்," என்று எனக்கு விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். தவறவிடுவதா? அதற்காகத்தானே இத்தனை ஏற்பாடு?

எல்லை எங்கே வந்தது என்று தெரியவில்லை. ஒரு பலகை கூடக் கண்ணில் படவில்லை. ஒரு காலத்தில் எல்லை என்றால் எங்களுக்கு நாக்கு வறளும். இப்போது அந்த இடத்தில் தவமணி ரோல்ஸ் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு றொய்ட்ட. ரயிலடியில் குளிர் காதைக் கடித்தது. மலைகள் இப்போது தூரத்தில் இல்லை, வீடுகளுக்குப் பின்னால் வந்து நின்றன. அடுத்த ரயிலில் பெட்டி பாதி வெறுமை. எதிரெதிராக யன்னலோரம் இருந்தோம். தவமணி மூடியில் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். வெயில் கண்ணாடியால் வந்து என் நெஞ்சில் விழுந்தது. ரயில் மெதுவாக மேடு ஏறியது. லேர்மோஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு நிமிடம் கண்ணை மூடுவோம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு பயணக் கட்டுரைக்காரன் உங்களுக்கு மலைகளை வர்ணிக்கவேண்டும். என்னால் ஏலாது. நான் கும்பகர்ணனாகக் கிடந்தேன்.

என்னை எழுப்பியது ஒரு சத்தம் அல்ல, ஒரு சத்தம் நின்றதுதான். நித்திரையின் ஓரத்தில் பல பேர் சிரிப்பதும் போத்தல்கள் முட்டுவதும் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு தவமணியின் குரல், தணிந்து, ஆனால் கத்திபோல:

"பிற்ற லைஸ. மைன் மன் ஹாட் நாக்ட்ஷிஃப்ட்."

தயவுசெய்து மெதுவாக. என் கணவருக்கு இரவு வேலை.

உடனே பெட்டி அடங்கியது. ஒரு ஆண் குரல் மன்னிப்புக் கேட்டது. யாரோ போத்தலை நிலத்தில் பூனையை வைப்பதுபோல வைத்தார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. இமைக்குள் சுட்டது.

ஓய்வு பெற்று அரை வருடம். இரவு வேலை எங்கே? அவள் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது, வாய் தானாகச் சொன்னது. எத்தனை வருடம், எத்தனை பேரிடம் இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் கணக்கு விளங்கியது. மேல்மாடியில் சுவர் துளைத்தவனிடம். படிக்கட்டில் பந்தடித்த பிள்ளைகளிடம். அழைப்பு மணியை அடித்த தபால்காரரிடம். எங்கள் வீட்டில் குக்கர் பின்னேரம் மூன்றுக்கு முதல் விசிலடித்ததில்லை. சிந்து தவழும் காலத்திலேயே குசுகுசுத்துச் சிரிக்கப் பழகிய பிள்ளை. தவமணி இன்றைக்கும் அலுமாரிக் கதவை ஒரு விரலை இடையில் கொடுத்துத்தான் மூடுகிறாள். நான் கதிரையை இழுத்தால் அவள் முகம் சுழிப்பது ஏன் என்பதும் அந்த நேரத்தில்தான் புரிந்தது. பகலில் சத்தம் போடக்கூடாது என்பது அவளுக்கு எலும்பில் ஊறிவிட்டது.

தொழிற்சாலையில் மற்றவர்கள் பகலில் நித்திரை வராமல் மாத்திரை விழுங்கினார்கள். நான் மட்டும், "படுத்தால் மரக்கட்டைதான்," என்று பெருமை அடித்தேன். என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கார்மிஷ். சத்தம் போட்டவர்கள் மலையேறிகள், எட்டுப் பேர் இருப்பார்கள், என்னைக் கடந்து நுனிக்காலில் இறங்கினார்கள். ஒருவன் எனக்கு நல்ல நித்திரை கிடைக்கட்டும் என்று வாழ்த்தினான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரயிலடி வாங்கில் இருந்ததும் கேட்டேன்.

"லேர்மோஸ் போட்டுதே?"

"எப்பவோ போட்டுது."

"ஏனப்பா என்னை எழுப்பேல்லை?"

"எழுப்பிறதோ? உங்களையோ?" நெருப்பைத் தொடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தாள். "குறட்டையும் விட்டியள். பாவமாக் கிடந்துது."

"அப்ப சொல்லும். என்ன கண்டனீர்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆகவே நீங்கள் வாசிக்கப்போவது தவமணி கண்ட அல்ப்ஸ்.

"முதல்லை ஒடுக்கமான பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் காடு. நான் நினைச்சன் இவ்வளவுதானாக்கும் எண்டு. பிறகு ரயில் ஒரு வளைவு எடுத்துது பாருங்கோ, டக்கெண்டு வெளிச்சம். கீழை பெரிய வெளி. தட்டையா, பாய் விரிச்ச மாதிரி. முழுக்கச் சின்னச் சின்ன மரக்கொட்டில். வைக்கோல் வைக்கிறதுக்காக்கும். நான் எண்ணத் தொடங்கி விட்டிட்டன்."

"மலை?"

"பொறுங்கோவன். அந்த வெளிக்கு அங்காலை மலை. சாம்பல் நிறம். கோயில் மதில் மாதிரி நேரை எழும்பி நிக்குது. பச்சை ஒண்டும் இல்லை அதிலை. உச்சியிலை கொஞ்சம் வெள்ளை. நான் குனிஞ்சு குனிஞ்சு பாத்தும் முடிவு தெரியேல்லை. ரயில் அந்த வெளியைச் சுத்தி வந்துது. முதல் இந்த யன்னல்லை நிண்ட மலை பிறகு மற்ற யன்னலுக்குப் போட்டுது. நான் எழும்பி மற்றப் பக்கம் போய்ப் பாத்திட்டு, திரும்ப வந்து உங்களுக்குக் கோட்டை இழுத்து விட்டிட்டு, திரும்பப் போனன்."

"அந்தக் கிழவர் சொன்னது சரிதான்."

"கூர் மலை ஒண்டும் இருந்துது. தனிய. மோதகத்தின்ரை நுனி மாதிரி. அதுக்குக் கீழை ஒரு மனுசி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டா. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒவ்வொரு நாளும் பாக்கிறவைக்கு அது ஒண்டும் இல்லைத்தானே?"

நான் கேட்டேன், அவள் சொன்னாள். வெளியில் நடந்துபோன ஆட்களை, ஏர்வால்டில் ஏறிய மலையேறிகளின் சேற்றுச் சப்பாத்தை, பிறகு காட்டுக்குள்ளால் ரயிலோடு கூட ஓடிவந்த ஆற்றை. கை இரண்டாலும் மலையை வரைந்து காட்டினாள். அவள் இவ்வளவு கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. எதிரே அல்ப்ஸ்பிற்ஸ என்ற சிகரமும், பக்கத்தில் இரண்டாயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு மீற்றர் சுக்ஸ்பிற்ஸவும் வெயிலில் பளபளவென்று நின்றன. நான் அவற்றைப் பார்த்ததை விட அவளுடைய கையைத்தான் கூடப் பார்த்தேன். மியூனிக் ரயில்கள் இரண்டைத் தவறவிட்டோம். இருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த ரயிலில் பின்னேர வெயில். மூர்னாவுக்குப் பிறகு நிலம் தட்டையாகி, ஸ்டார்ன்பேர்க் ஏரி மரங்களுக்கிடையில் மின்னியது. மலைகள் பின்னால் நீலமாகிச் சிறுத்தன. வந்த வழியில் தேடிய வசனம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்.

"இஞ்சேரும். இவ்வளவு வருசமும் நான் நித்திரை கொண்டது என்ரை கெட்டித்தனமெண்டு நினைச்சன். அது நீர் பாத்த வேலை. அந்த நித்திரை இல்லாட்டி எந்த மிசினுக்குள்ளையாவது கையைக் குடுத்திருப்பன்."

தவமணி ஏரியைப் பார்த்தாள். "இப்பதான் தெரியுமோ?" என்றாள். கண்ணைச் சேலைத்தலைப்பில் துடைக்க நினைத்திருப்பாள் போல, அன்றைக்குப் போட்டிருந்தது ஜக்கெட். புறங்கையால் துடைத்தாள்.

"நீர் பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர். அதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யிறது எண்டு தெரியேல்லை."

"கைம்மாறோ. விசர்க்கதை. பாணை எடுங்கோ, பசிக்குது."

பாண் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. ஜெர்மனிக்கு வந்த நாளில் இருந்து இந்த நாடு எனக்குத் தந்தவற்றைப் பலரிடம் சொல்லி நன்றி பாராட்டியிருக்கிறேன். வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு, சொல்லாத மேடையில்லை. எனக்குப் பகலை இரவாக்கித் தந்தவள் எதிரே இருந்து சீனிச்சம்பலை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது, அதையும் நான் பார்க்கவில்லை.

மியூனிக்கில் நெடுநேரம் காத்திருந்து ரயில் மாறி, உல்ம் தாண்டும்போது இருட்டிவிட்டது. யன்னலில் எங்கள் இருவருடைய முகங்கள் மட்டும். இனிப் பொறுக்க முடியாது என்று கேட்டேன்.

"ஹம்பேர்க்கிலை போய் நிக்கிறதெண்டு முடிவோ?"

அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிப் பூட்டினாள். பையில் வைத்தாள்.

"போகத்தான் வேணும். பிள்ளை பாவம். ரெண்டு கிழமை நிண்டு குடுத்திட்டு வாறன்."

"வாறீரோ?"

"வராமல்? அந்த வெளியிலை இறங்கி நடக்கவேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை. அதுக்குள்ளை நீங்கள் இன்னொருக்கா அட்டவணையைப் பாருங்கோ. உந்த ஆறு மணி ரயில் வேண்டாம், மத்தியான ரயிலாப் பாருங்கோ."

"நான் அப்பவும் நித்திரை கொண்டால்?"

"கொள்ளுங்கோ," என்றாள் தவமணி. "லேர்மோஸ் வர நான் எழுப்பிறன்."